அந்தக் கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள்

"அண்ணா, அவர் கையெழுத்தையும் நீங்களே போட்டுருங்க. நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு ஸ்லாட்."

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட் விண்ணப்பமும் ஆன்லைனில் போட்டுத் தருவேன். மாதம் இரண்டு தடவையாவது இந்த வாக்கியம் காதில் விழுகிறது. இந்த முறை கேட்டவர் முடிச்சூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை, தோளில் மஞ்சள் பை. கணவர் குவைத்தில் டிரைவர். இருவருக்குள்ளும் சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. அவருக்கு லீவு வெள்ளிக்கிழமை மட்டும்தான், அன்றைக்கோ செவ்வாய். ஒரு கிறுக்கலுக்காக இத்தனை அலைச்சலா என்பதுதான் அந்த அம்மாவின் கேள்வி.

நான் பேனாவை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினேன். அதற்கு அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆளுக்கு ஐம்பது ரூபாய் அதிகம் வேண்டுமாம் என்று எழுதியிருந்தது.

அந்த அம்மாவிடம் சொன்னதையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். மே மாதம் வரப்போகிறது. சிங்கப்பூர் மாமா வீடு, மலேசியா டூர், துபாயில் அப்பா, கனடாவில் அக்காவின் பிரசவம் என்று தாம்பரத்தில் பாதி வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. டிக்கெட் போட்டாயிற்று. குழந்தையின் தாள்களை மட்டும் யாரும் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. தயவுசெய்து இன்றைக்கு எடுங்கள்.

முதலில் அந்தக் கையெழுத்து. குழந்தையின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு இணைக்கிற அனெக்சர் டி என்பது ஒரே ஒரு பக்கம். இது எங்கள் குழந்தை, இதற்குப் பாஸ்போர்ட் கொடுப்பதில் எங்கள் இருவருக்கும் சம்மதம், நாங்கள் சொன்னதில் பொய் இருந்தால் பொறுப்பு எங்களுடையது என்று அப்பாவும் அம்மாவும் ஒப்புக்கொள்கிற இடம். முன்பெல்லாம் இது மாதிரித் தாள்களுக்கு நோட்டரியைத் தேடி ஓட வேண்டும். 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தி, பதினைந்து அனெக்சர்களை ஒன்பதாகக் குறைத்து, நோட்டரியும் வேண்டாம், வெள்ளைத் தாளில் நீங்களே உறுதி சொல்லுங்கள், நம்புகிறோம் என்றார்கள். அரசாங்கம் ஜனங்களை நம்புவது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. நாம் என்ன செய்தோம்? நோட்டரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காசு மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, அப்பா கையெழுத்தை மச்சான் போட ஆரம்பித்தோம்.

இதில் எனக்கு ஆற்றாமை எதுவென்றால், அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. பிரிந்து வாழ்கிறீர்களா, விவாகரத்து வழக்கு நடக்கிறதா, ஆள் எங்கே போனார் என்றே தெரியவில்லையா, சம்மதம் தர மறுக்கிறாரா, தனியாளாக வளர்க்கிறீர்களா? அதற்கு அனெக்சர் சி இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதி ஒருவர் கையெழுத்திட்டால் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வார்கள். அதே 2016 தளர்வில், பெற்றோரில் ஒருவர் பெயரை மட்டும் கொடுத்தாலும் போதும் என்று வந்துவிட்டது. கணவர் வெளிநாட்டிலா? அங்கே இருக்கும் இந்தியத் தூதரகத்தில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிச் சான்று வாங்கி அனுப்பலாம். உண்மை எந்த வடிவத்தில் இருந்தாலும் அதற்கு ஒரு படிவம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நமக்குப் பொறுமைதான் இல்லை.

1967-ஆம் வருடத்துப் பாஸ்போர்ட் சட்டம், 12-ஆம் பிரிவு: தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தோ, முக்கியமானதை மறைத்தோ பாஸ்போர்ட் வாங்க முயன்றால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 10-ஆம் பிரிவின்படி, அப்படி வாங்கிய பாஸ்போர்ட்டை முடக்கவும் ரத்து செய்யவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. யாருடைய பாஸ்போர்ட்? மூன்று வயதுக் குழந்தையுடையது. பொய் சொன்னது நீங்கள், ரத்தாவது அதனுடையது. குழந்தையிடம் இதையெல்லாம் கேட்டா செய்தீர்கள்? அதற்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கடையில் நீல இங்க் பேடில் அதன் கட்டைவிரலைத் தொட்டுத் தாளில் வைக்கும்போது சிரிக்கும். சில குழந்தைகள் அந்த விரலை அப்படியே வாயில் வைத்துக்கொள்ளும். தனக்காக யாரோ எதையோ ஒப்புக்கொள்கிறார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரியாதவர் சார்பில் கையெழுத்திடுகிற இடத்தில் கொஞ்சம் கை நடுங்க வேண்டும்.

பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: ஏ கவுண்டரில் தாளை வாங்கி ஸ்கேன் செய்து போட்டோ எடுப்பார்கள், பி கவுண்டரில் சரிபார்ப்பார்கள், சி கவுண்டரில் முடிவு. ஏ-யில் உட்கார்ந்திருப்பவர் தனியார் நிறுவனத்துப் பிள்ளை. சிரித்த முகமாக இருப்பார். பி-யில் அரசு அதிகாரி. பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் அப்பாவின் கையெழுத்தையும் அனெக்சரில் இருப்பதையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பத்து விநாடி வேலை. "பி-யில பிடிச்சுட்டாங்க அண்ணா" என்று முகம் வாடித் திரும்பி வந்தவர்களை எண்ணி மாளாது. பிடிபடாதவர்களை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயம். ஒருமுறை தப்பித்தது பழக்கமாகிவிடுகிறது.

அடுத்தது பிறப்புச் சான்று. இங்கேதான் நம் வழக்கமும் சட்டமும் முட்டிக்கொள்கின்றன.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். பெண் தாம்பரத்தில் குடியிருப்பாள். குழந்தை பிறப்பது மன்னார்குடியிலோ அம்பாசமுத்திரத்திலோ. பிறப்பைப் பதிவது பிறந்த ஊரில். பெயர் வைப்பது பிறகு, சில வீடுகளில் குலதெய்வம் கோயிலுக்குப் போய் மொட்டை போட்ட பிறகு. ஆகவே சான்றிதழில் ஆண் அல்லது பெண் என்று இருக்கும், அப்பா பெயர் இருக்கும், அம்மா பெயர் இருக்கும், குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு இருக்கும். அந்தத் தாளை மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டு, அதன் மேல் தடுப்பூசி அட்டையை வைத்து, பரணில் ஏற்றிவிடுவார்கள். ஏழு வருடம் கழித்து, ஸ்லாட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், என் கடைக்கு வரும். கோடு அப்படியே இருக்கும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். குழந்தையின் பெயரைப் பன்னிரண்டு மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணமே இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வயது வரை சேர்க்கலாம். ஆனால் எங்கே பதிந்தார்களோ அந்த அலுவலகம்தான் சேர்க்கும். தாம்பரத்திலேயே பிறந்த பிள்ளைகளுக்கும் ஒரு குழப்பம் உண்டு. 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். உங்கள் கையில் இருக்கும் தாளில் அடித்திருப்பது இன்று இல்லாத ஒரு பேரூராட்சியின் முத்திரையாக இருக்கலாம். சான்று செல்லும், அதில் திருத்தம் வேண்டுமென்றால் மாநகராட்சியில் எந்த மேஜை என்று விசாரித்துப் போக ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளைப் பயணத்துக்கு முந்தின வாரத்தில் தேடாதீர்கள்.

பள்ளி மாற்றுச் சான்றிதழைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அந்தக் காலம் மலையேறிக்கொண்டிருக்கிறது. 2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் வேண்டுமானால் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்று ஒன்றுதான் ஆதாரம் என்று 2025-ல் விதி வந்துவிட்டது.

தேதி என்றதும் இன்னொன்று. எல்.கே.ஜி. சேர்க்க இரண்டு மாதம் குறைகிறது என்று பள்ளியில் ஒரு தேதி கொடுப்பார்கள். ஆதார் அட்டையில் அந்தத் தேதி ஏறும். பிறப்புச் சான்றில் வேறு தேதி. இரண்டு மாதம் முன்னால் படித்து அந்தப் பிள்ளை என்ன கோட்டையைப் பிடித்தது? பத்து வயதில் இரண்டு பிறந்தநாளோடு நிற்கிறது. வீட்டில் கேக் வெட்டுவது ஒரு தேதி, பள்ளியில் சாக்லேட் கொடுப்பது ஒரு தேதி. அப்பாவே சொல்லிக் கொடுத்த முதல் பொய் அதன் பிறந்த தேதியைப் பற்றியதாக இருக்கிறது. உங்கள் வீட்டில் இப்படி இருந்தால், வெட்கப்படாமல் போய்ப் பள்ளியிலும் ஆதாரிலும் உண்மைத் தேதிக்கு மாற்றுங்கள். பிறப்புச் சான்றை மாற்றித் தருகிறேன் என்று எவனாவது புரோக்கர் சொன்னால் வாசலோடு அனுப்புங்கள்.

பெயர் விஷயம் தமிழர்களாகிய நமக்கே உரிய தலைவலி. குடும்பப் பெயர் நமக்குக் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: அப்பா செந்தில், அவருக்குச் சர்நேம் அவர் அப்பா முருகேசன். அம்மா கவிதா, அவருக்குச் சர்நேம் அவர் அப்பா ராஜேந்திரன். மகள் யாழினி, அவளுக்குச் சர்நேம் செந்தில். ஒரே வீட்டில் சாப்பிடுகிற மூன்று பேருக்கு மூன்று சர்நேம். நமக்கு இதில் விசேஷம் ஒன்றும் தெரியாது. லண்டனில் இமிக்ரேஷன் மேஜையில் இருப்பவருக்கு, வேறு குடும்பப் பெயர் கொண்ட பெண் ஒருத்தி ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு நிற்பதாகத் தெரியும். கேள்வி கேட்பார். கேட்பது அவர் வேலை; குழந்தை கடத்தலைத் தடுக்கத்தான் அந்த நாற்காலி. கோபப்படாமல் பிறப்புச் சான்றின் நகலை எடுத்து நீட்டுங்கள். ஆங்கிலமும் இருக்கிற சான்றாக இருக்கட்டும்.

ஒற்றைப் பெயரோடு விடுவதும் ஆபத்து. சர்நேம் இடத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைச் சர்நேம் ஆக்கிவிட்டு, முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் மூன்று எழுத்தை முன்னால் போட்டுவிடுவார்கள். பெயர் இருந்தும் பெயர் தெரியாதவளாகக் குழந்தை அலையும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது என் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று சில நாளில் தளர்த்தினார்கள். அந்தச் சில நாளில் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு வருடம். நியூமராலஜி பார்த்துப் பெயரில் இன்னொரு 'ஏ' சேர்க்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. சேர்ப்பதானால் பிறப்புச் சான்றில் ஆரம்பித்து எல்லாத் தாளிலும் சேருங்கள். ஆதாரில் அதிர்ஷ்டமும் பாஸ்போர்ட்டில் பழைய பெயருமாக விடாதீர்கள்.

தாள்தானே என்று இளக்காரமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. எழும்பூரில் கிளம்பி நம் தாம்பரம் வழியாகத்தான் போட் மெயில் போனது. தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில். இந்த வழியிலும் இதைப் போன்ற வழிகளிலும் போன குடும்பங்கள்தான் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கின. 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கே பிறந்திருந்தால் போதாது. உன் அப்பா இங்கே பிறந்தார் என்று நிரூபி, இல்லையென்றால் தாத்தாவும் அவர் அப்பாவும் பிறந்ததை நிரூபி என்றது. கூலி லயத்தில் பிறந்தவனுக்கு யார் சான்று எழுதி வைத்திருப்பார்கள்? லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் ஒரு கணக்கில், தம்பி ஒரு கணக்கில். சட்டம் அநியாயமானது, சந்தேகமே இல்லை. அந்த அநியாயத்தின் கையில் ஆயுதமாக இருந்தது, அந்த ஜனங்களிடம் இல்லாத ஒரு பிறப்புத் தாள்.

இதன் மறுபக்கமும் நம் காலத்திலேயே நடந்தது. மண்டபம் அகதி முகாமில் 1986-ல் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டார். பெற்றோர் இலங்கையர் என்று மறுத்துவிட்டார்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், இந்தியர். மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022 ஆகஸ்டில் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 தேர்தலில் திருச்சியில் வரிசையில் நின்று வாக்களித்தார். முகாமில், அடுத்த வேளைச் சோற்றுக்கு வரிசையில் நின்ற யாரோ அந்தக் குழந்தை பிறந்ததைப் பதிந்து, அந்தச் சான்றைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நமக்கு வீடு இருக்கிறது, பீரோ இருக்கிறது, பீரோவுக்குள் லாக்கர் இருக்கிறது.

பீரோ என்று சொல்லிவிட்டேன். நான் சொல்ல வந்ததிலேயே கசப்பானது அங்கேதான் இருக்கிறது.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை வந்தால் தாலி, நகை, சீர் பாத்திரம் என்று எதையெதையோ பூட்டி வைப்பது பழைய வழக்கம். இப்போது குழந்தையின் பாஸ்போர்ட்டைப் பூட்டுகிறார்கள். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று அவன் ஒளிக்கிறான். அவன் துபாய்க்குக் கொண்டுபோய்விடுவானோ என்று அவள் தன் அம்மா வீட்டு அரிசி டிரம்முக்குள் வைக்கிறாள். அரிசி டிரம்மை நான் கற்பனை செய்யவில்லை. உமி ஒட்டிய பாஸ்போர்ட்டை என் கடையில் ஸ்கேன் செய்திருக்கிறேன்.

ஒளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படியுங்கள். எந்தப் பாஸ்போர்ட்டும் எப்போதும் மத்திய அரசின் சொத்து. அது உங்களுடையதில்லை, உங்கள் மாமியாருடையதும் இல்லை. போலீஸ்கூட ஒரு பாஸ்போர்ட்டைக் கைப்பற்றலாமே தவிர முடக்கி வைத்துக்கொள்ள முடியாது, அந்த அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியிருக்கிறது. போலீசுக்கு இல்லாத அதிகாரம் கோத்ரெஜ் பீரோவின் சாவிக்கு எங்கிருந்து வந்தது?

பறிகொடுத்தவர்கள் செய்கிற தப்பு வேறு மாதிரி. கணவர் தர மாட்டேன் என்கிறார், ஆகவே தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் புதியது வாங்கலாம் என்று யாரோ யோசனை சொல்வார்கள். தொலைந்தது என்று அறிவித்த பாஸ்போர்ட் எண்கள் 2002-லிருந்து இன்டர்போல் வைத்திருக்கிற பட்டியலுக்குப் போகின்றன. சமாதானமாகி, பழையது கிடைத்து, மறதியில் அதை எடுத்துக்கொண்டு போனால் நடுராத்திரியில் ஏதோ ஒரு நாட்டில் குழந்தையோடு தனி அறையில் உட்கார வேண்டியதுதான். அவர் வைத்துக்கொண்டு தர மறுக்கிறார் என்ற உண்மையை எழுதுங்கள். குடும்ப நல நீதிமன்றம் போங்கள். நாளாகும், தெரியும். நாளானாலும் அதுதான் வழி.

இன்னும் பெரிய தப்பு, சொல்லாமல் கொள்ளாமல் குழந்தையோடு எல்லை தாண்டுவது. ஒரு நாட்டில் வளரும் குழந்தையைப் பெற்றவரில் ஒருவரே இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் திருப்பி அனுப்ப வேண்டும் என்று 1980-ல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் ஆனது. இலங்கை சேர்ந்துவிட்டது. இந்தியா இன்றுவரை சேரவில்லை. சேரலாமா கூடாதா என்று சட்ட ஆணையம் 2009-லும் 2016-லும் அறிக்கை கொடுத்தது. 2018-ல் ஒரு கமிட்டியும் ஆராய்ந்தது. கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பி அம்மா வீட்டுக்கு ஓடி வரும் பெண்ணை அந்த ஒப்பந்தம் குற்றவாளி ஆக்கிவிடும் என்ற பயம் நியாயமானது. அடி வாங்குகிறவளை அங்கேயே இரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் முதலில் உயிரோடு வெளியே வரட்டும். வந்த கையோடு வக்கீலையும் நீதிமன்றத்தையும் பார்க்கட்டும். நான் சொல்வது மற்றவர்களுக்கு. கோபத்துக்காக, பாடம் புகட்டுவதற்காக, சொந்தக்காரர் தூண்டிவிட்டதற்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு.

2007-ல் அமெரிக்காவிலிருந்து ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு பையன் இந்தியா வந்தான். தகப்பன் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். மாநில போலீஸ்கள் தேடிக் கிடைக்காமல், சிபிஐ தேடி, 2009 அக்டோபரில் கண்டுபிடித்தது. எங்கே? நம் சென்னையில். அந்த இரண்டு வருடமும் பையன் மாநிலம் விட்டு மாநிலம் மாறிக்கொண்டே இருந்தான். ஓர் இடத்தில் வேர் பிடிக்க விடவில்லை என்பதை நீதிமன்றமே தீர்ப்பில் கவனித்தது. அடுத்த மாதமே, அவன் அமெரிக்கா திரும்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று. யார் பக்கம் நியாயம் என்று நான் பேச வரவில்லை. பள்ளியில் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு, லேபிளில் பெயர் எழுதி முடிப்பதற்குள் ஊரை விட்டுக் கிளம்பிய அந்தப் பையனைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

தாத்தா பாட்டிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பேரன் பேத்திகள் உங்களிடம் வளர்கிறார்கள். சந்தோஷம். அந்தப் பிள்ளையின் விசா எப்போது முடிகிறது என்று தெரியுமா? முடிந்துபோயிருந்தால் ஏர்போர்ட்டில் அழுது பிரயோஜனமில்லை. வெளியேற அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தால், இருபது வயது வரை ஒவ்வொரு புதுப் பாஸ்போர்ட் வாங்கும்போதும் அதன் நகலை இணையத்தில் ஏற்ற வேண்டும், கட்டணம் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டும் இருக்கட்டும், அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் இருக்கட்டும் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதைச் சாமர்த்தியம் என்று மருமகன் சொன்னால் நம்பாதீர்கள். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. பேரனை நீங்களே கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். கனடா அரசு அப்படி ஒரு கடிதம் வைத்துக்கொள்ளும்படி வெளிப்படையாகவே சொல்கிறது. கேட்காத நாட்டிலும் அது கனமில்லை, ஒரு தாள்தான்.

மிச்சம் சில்லறை விஷயங்கள். குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான். உங்களுடையது பத்து வருடம் என்பதால் அதுவும் அப்படியே என்று இருந்துவிடாதீர்கள். பல நாடுகள் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்கின்றன. அம்மா பாஸ்போர்ட்டிலேயே பிள்ளை பெயரையும் சேர்த்து எழுதிய காலத்தில் வளர்ந்த பாட்டி, கைக்குழந்தைக்கு எதற்குத் தனியாக என்பார்; எட்டு நாள் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட்தான். கட்டணம் ஆயிரம் ரூபாய், எட்டு வயதுக்குக் கீழே என்றால் அதிலும் பத்து சதவீதம் குறைவு. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் 2025 மே முதல் தாய்லாந்துக்கும் கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கையிலிருந்து இணையத்தில் வருகை அட்டை நிரப்பலாம். குழந்தைக்கும் தனியாக நிரப்ப வேண்டும். தாம்பரத்திலிருந்து நாலாவது ஸ்டேஷன் திரிசூலம், எதிரே ஏர்போர்ட். பக்கத்தில்தானே இருக்கிறோம் என்ற தைரியம் பயண நேரத்தை மட்டும்தான் குறைக்கும்.

முடிச்சூர் அம்மா அன்றைக்குக் கோபமாகத்தான் போனார். ஸ்லாட்டை மாற்றிக்கொள்ளலாம், ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று தடவை வரை விடுவார்கள் என்று பின்னாலேயே கத்தினேன். காதில் விழுந்ததோ என்னவோ. வேறு ஏதாவது கடையில் போட்டுக்கொண்டு போயிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். குவைத்திலிருந்து ஊருக்கு லீவில் வந்த யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய கவர். உள்ளே கணவரின் உறுதிமொழிப் பத்திரம், தூதரக முத்திரையோடு. அவர் கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கும் என்று தனக்கே தெரியாது என்றார். விரலால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை மேஜை மேல் ஏறி இங்க் பேடைத் திறக்கப் பார்த்தது.

"அண்ணா, இது கசங்கிடாம லேமினேட் பண்ணிக் குடுத்துருங்களேன்."

"ஐயோ, லேமினேஷன் மட்டும் வேண்டாம்மா. அப்புறம் ஏ கவுண்டர்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."